சண்டை போட்டு ஊர்க்காரர் ஆனவர்கள்

(நியூயார்க் நகரில் யூதக் குடியேறிகள் பற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பெருநகரம் ஒன்றுக்குப் பிழைக்க வந்த கூட்டம் அந்த நகரத்தோடு எப்படிக் கலந்தது என்று கேட்டால் நம்மிடம் தயாராக ஒரு பதில் இருக்கிறது. மொழியைக் கற்றுக்கொண்டார்கள், உடையை மாற்றிக்கொண்டார்கள், வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள், அடுத்த தலைமுறை தலையெடுத்தது. நியூயார்க் யூதர்களைப் பற்றியும் இதைத்தான் சொல்வார்கள். பொய்யில்லை. ஆனால் இதை மட்டும் கேட்டால், வந்தவர்கள் எல்லோரும் கைகட்டி வாய்பொத்திப் பாடம் கேட்ட நல்ல மாணவர்கள் என்று தோன்றும். நடந்தது அப்படி அல்ல. பள்ளிக்கூடத்தோடு சண்டை, போலீசோடு சண்டை, கசாப்புக் கடைக்காரரோடு சண்டை, முதலாளியோடு சண்டை. அந்தக் கசாப்புக் கடைக்காரரும் முதலாளியும் பெரும்பாலும் யூதர்களே. ஆகவே தங்களுக்குள்ளும் ஓயாத சண்டை. அவர்களை நியூயார்க்காரர்களாக ஆக்கியதே இந்தச் சண்டைகள்தான் என்பது என் கட்சி. அதற்கான சாட்சிகளை மட்டும் இன்று உங்கள் முன் நிறுத்துகிறேன்.

முதல் சாட்சி மிகப் பழையவர். 1654இல் அந்த ஊருக்கு நியூயார்க் என்ற பெயரே இல்லை. நியூ ஆம்ஸ்டர்டாம் என்ற டச்சுத் துறைமுகம் அது. டச்சு மேற்கிந்தியக் கம்பெனிக்குச் சொந்தம். பிரேசிலில் டச்சுக்காரர் கையில் இருந்த ரெசிஃபேயைப் போர்த்துகீசியர் மீண்டும் பிடித்ததும் அங்கிருந்து தப்பி வந்த 23 யூதர்கள் இந்தத் துறைமுகத்தில் கரையேறினார்கள். ஆளுநர் பீட்டர் ஸ்டைவசன்ட்டுக்கு அவர்களைப் பிடிக்கவில்லை. வெளியேற்ற அனுமதி கேட்டுக் கம்பெனிக்கு எழுதினார். கம்பெனியின் பங்குதாரர்களில் யூதர்களும் இருந்தார்கள், அனுமதி கிடைக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வந்தது: அவர்களுடைய ஏழைகளை அவர்களே பார்த்துக்கொள்ள வேண்டும், ஊருக்குப் பாரமாகக் கூடாது.

அடுத்த ஆண்டே தகராறு. ஊர்க்காவலுக்கு உடல் வலுவுள்ள ஆண்கள் முறைவைத்துப் போக வேண்டும் என்பது விதி. யூதர்கள் மட்டும் வரக் கூடாது, பதிலாக மாதாமாதம் வரி கட்டட்டும் என்று நிர்வாகம் உத்தரவு போட்டது. ஆசர் லெவி என்பவரும் ஜேக்கப் பார்சிம்சன் என்பவரும் மனு கொடுத்தார்கள்: எங்களையும் காவலுக்கு விடுங்கள், இல்லாவிட்டால் வரியையாவது நீக்குங்கள். பிடிக்காவிட்டால் வேறு எங்காவது போகலாம் என்று பதில் வந்தது. லெவி போகவில்லை. சில காலத்தில் காவலுக்கு நின்றார். 1657இல் அதையே காரணமாகக் காட்டி, மற்றவர்களைப் போல நானும் காவல் காக்கிறேன், எனக்கும் குடியுரிமை கொடுங்கள் என்று கேட்டார். முதலில் மறுத்தவர்கள் பிறகு கொடுத்தார்கள். 1660இல் கசாப்புத் தொழிலுக்கு உரிமம் பெற்றபோது, பன்றி வெட்டச் சொல்லக் கூடாது என்ற விலக்கையும் சேர்த்து வாங்கினார். இரவில் குளிரில் நிற்கும் கடமையை மனுப் போட்டு வாங்கிய மனிதர் அவர். பின்னால் வந்த லட்சக்கணக்கானவர்களின் போக்கு இந்த ஒருவரிடமே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

இனி இருநூறு ஆண்டுகளைத் தாண்டி வருகிறேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மன் மாநிலங்களிலிருந்து யூதர்கள் வந்தார்கள். முதுகில் மூட்டையோடு ஊர் ஊராகச் சரக்கு விற்றவர்கள் ஒரு தலைமுறையில் பெரிய கடைகளுக்கும் வங்கிகளுக்கும் சொந்தக்காரர்கள் ஆனார்கள். தொழுகையில் ஜெர்மனும் பிறகு ஆங்கிலமும் வந்தன. நகரின் மேல்தட்டில் ஒரு நாற்காலி கிடைத்துவிட்டது, இனி அமைதியாக உட்காரலாம் என்று அவர்கள் நினைத்த நேரத்தில்தான் ருஷ்யாவில் தீப் பிடித்தது.

1881 மார்ச்சில் ஜார் மன்னர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டார். பழி யூதர்கள் மேல் விழுந்தது. கொள்ளையும் அடிதடியும் ஊர் ஊராகப் பரவின. 1882இல் யூதர்கள் கிராமங்களில் புதிதாகக் குடியேறக் கூடாது, நிலம் வாங்கக் கூடாது என்று சட்டம் வந்தது. வறுமை ஏற்கனவே இருந்தது. 1924க்குள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து 20 லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார்கள். பெரும்பாலானோர் இறங்கியது நியூயார்க்கில். பெரும்பங்கினர் அங்கேயே தங்கிவிட்டார்கள். 1880இல் அந்த நகரத்தில் சுமார் 80,000 யூதர்கள். 1920இல் 15 லட்சத்துக்கு மேல். நகரத்தில் நாலு பேரில் ஒருவருக்கும் அதிகம்.

அவர்கள் முதலில் ஒண்டிய இடம் மன்ஹாட்டனின் லோயர் ஈஸ்ட் சைட். ஆர்ச்சர்ட் தெருவில் 97ஆம் எண் வீடு இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. 1863இல் கட்டிய ஐந்து மாடிக் கட்டடம். ஒவ்வொரு குடித்தனத்துக்கும் மூன்று அறைகள், மொத்தம் 325 சதுர அடி. வெளிக்காற்று வருவது ஒரே ஒரு அறைக்கு. கழிப்பறை ஆரம்பத்தில் கொல்லையில். ஒண்டுக்குடித்தனம் என்றால் நமக்கு விளக்க வேண்டியதில்லை. ஆனால் இங்கே வீடே பட்டறை. 1890களில் போலந்திலிருந்து வந்த ஒரு தையல்காரர் முன்னறையில் கூலியாட்களை வைத்துப் பெண்களுக்கான உடை தைத்தார். இஸ்திரிப் பெட்டி சூடானது சமையலறை அடுப்பில். அதே அடுப்பில்தான் சோறு. அதே அறையில் பிள்ளைப்பேறு. இரவில் தையல் மேசை ஒதுங்கும், பாய் விரியும். வாடகைக்கு ஈடுகட்ட ஒரு தனியாளைச் சேர்த்துக்கொள்ளும் வீடுகளும் ஏராளம்.

மன்ஹாட்டனின் வடபகுதியில் வசதியாக இருந்த மேல்நகர ஜெர்மன் யூதர்களுக்கு இதைப் பார்த்துப் பகீரென்றது. நீண்ட தாடி, தெருவில் கூச்சல், கிழக்கு ஐரோப்பிய யூதரின் மொழியான யிட்டிஷில் பேச்சு, கைவண்டி வியாபாரம், போதாக்குறைக்கு சோஷலிசம். இவர்களைப் பார்த்து ஊர் நம்மையும் ஒரு கண்ணால் பார்க்குமே என்ற பயம். அதற்காக அவர்களைக் கேலி செய்ய மாட்டேன். பயந்தாலும் பையைத் திறந்தார்கள். ஈஸ்ட் பிராட்வேயில் எஜுகேஷனல் அலையன்ஸ் என்ற பெரிய நிலையத்தைக் கட்டினார்கள். ஆங்கில வகுப்பு, நூலகம், உடற்பயிற்சி, குளியல், கொடி வணக்கம் எல்லாம் அங்கே உண்டு. யிட்டிஷுக்கு மட்டும் ஆரம்பத்தில் இடமில்லை. 1901இல் இன்னொரு அமைப்பைத் தொடங்கினார்கள்: வேலை தேடிக் கொடுத்துக் குடியேறிகளை உள்நாட்டு ஊர்களுக்கு அனுப்பிவைக்க. இருபது ஆண்டுகளில் முக்கால் லட்சம் பேருக்கு மேல் அனுப்பினார்கள். அதே காலத்தில் அதைப் போலப் பல மடங்கு ஆட்கள் துறைமுகத்தில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

லோயர் ஈஸ்ட் சைடில் இருந்த கீழ்நகரத்தார் இந்த உதவிகளை வாங்கிக்கொண்டார்கள், வைதார்கள், தங்களுக்கென்று தனியாகவும் கட்டினார்கள். மேல்நகரத்தார் நடத்திய மருத்துவமனையில் யூத சமய விதிப்படியான கோஷர் சாப்பாடு இல்லை, ருஷ்யாவிலிருந்து வந்த டாக்டர்களுக்கு வேலை இல்லை. அதற்குப் பதிலாகக் கீழ்நகரத்து வைதிகர்கள் சில்லறை சேர்த்துத் தொடங்கியதுதான் பெத் இஸ்ரேல் மருத்துவமனை. 1892இல் 95 டாலர் முதலோடு ஒரு வட்டியில்லாக் கடன் சங்கம் ஆரம்பித்தார்கள். வட்டி கிடையாது, அடமானம் கிடையாது. ஜாமீன் கையெழுத்து மட்டும் வேண்டும். கைவண்டிச் சரக்குக்கும் தையல் இயந்திரத்துக்கும் அங்கே கடன் கிடைத்தது. அந்தச் சங்கம் இன்றும் இயங்குகிறது; யூதர் அல்லாதவர்களும் அதில் கடன் வாங்கலாம்.

இப்போது கோழிக் கதை. 1888இல் வைதிகத் தொழுகைக்கூடங்கள் பல சேர்ந்து ருஷ்ய ஆட்சியில் இருந்த வில்னாவிலிருந்து ஜேக்கப் ஜோசப் என்ற மதிப்புக்குரிய மதகுருவை, அதாவது ரபியை, வரவழைத்து நியூயார்க்கின் தலைமை ரபி ஆக்கின. நல்ல எண்ணம்தான். கோஷர் இறைச்சி என்ற பெயரில் ஊரில் நடந்த மோசடிகளுக்கு அளவில்லை; அதை ஒழுங்குபடுத்த ஒரு தலைவர் வேண்டும். செலவுக்குப் பணம்? முறைப்படி அறுத்த ஒவ்வொரு கோழிக்கும் ஓர் ஈய முத்திரை, முத்திரைக்கு ஒரு சென்ட். ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். ருஷ்யாவில் கோஷர் இறைச்சிக்கு ஜார் அரசாங்கம் ‘கரோப்கா’ என்று ஒரு வரி வாங்கிக்கொண்டிருந்தது. கடல் தாண்டி வந்தும் அதே வரியா என்று கேட்டார்கள். கசாப்புக் கடைக்காரர்கள் எதிர்த்தார்கள், போட்டி ரபிகள் எதிர்த்தார்கள், சோஷலிஸ்டுகள் சிரித்தார்கள். தலைமைப் பதவியே காற்றில் போயிற்று. அந்தப் பெரியவர் நோயிலும் வறுமையிலும் கிடந்து 1902இல் இறந்தார். பழைய ஊரில் ரபி சொல்லை மீறாதவர்கள் புது ஊரில் ஒரு சென்டுக்காக அவரையே கைவிட்டது கொடுமை. ஆனால் தங்கள் சம்மதம் இல்லாமல் விதித்த வரியைக் கட்ட மாட்டோம் என்பது அமெரிக்கா பிறந்த நாளிலிருந்து அந்த மண்ணில் பழகிய வழக்கு. பாடப்புத்தகத்தில் அதைப் படிக்கும் முன்பே இவர்கள் நடத்திக் காட்டிவிட்டார்கள்.

அதே 1902 மே மாதம். கோஷர் மாட்டிறைச்சி ராத்தல் 12 சென்டிலிருந்து 18 சென்ட் ஆயிற்று. மொத்த வியாபாரக் கூட்டணி விலையை ஏற்றிவிட்டது. சில்லறைக் கசாப்புக்காரர்கள் கடையடைத்துப் பார்த்துவிட்டுத் தோற்றுத் திரும்பினார்கள். அப்போது பெண்கள் இறங்கினார்கள். தலைவிகள் பலரும் நாற்பது வயதை ஒட்டிய குடும்பப் பெண்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள். கடை வாசலில் நின்று வாங்காதே என்றார்கள். மீறி வாங்கியவர் கையிலிருந்து இறைச்சியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார்கள், மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். போலீஸ் தடியடி நடத்தியது. எண்பதுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள், முக்கால்வாசிப் பேர் பெண்கள். நீங்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது சனிக்கிழமை நடந்தது. ஓய்வு நாள், ஆண்கள் தொழுகைக்கூடங்களில் தங்கள் வேதமான தோராவை வாசித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் உள்ளே நுழைந்து வாசிப்பை நிறுத்தினார்கள். அநியாயம் நடந்தால் எவரும் வாசிப்பை நிறுத்தி நியாயம் கேட்கலாம் என்பது கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பழைய வழக்கம். அந்த வழக்கத்தை நியூயார்க் இறைச்சி விலைக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள். மேடையேறிய ஒரு பெண்ணிடம், இது தோராவுக்கு அவமரியாதை என்று ஓர் ஆண் சொன்னபோது, தோரா என்னை மன்னிக்கும் என்று அவர் பதில் சொன்னாராம்.

போராட்டம் புரூக்ளினுக்கும் ஹார்லத்துக்கும் பரவியது. வீடு வீடாகப் போய் நிதி திரட்டிக் கைதானவர்களுக்கு ஜாமீன் கட்டினார்கள். ஜூனில் விலை 14 சென்டுக்கு இறங்கியது. ஆங்கில நாளேடுகள் இந்தப் பெண்களை ஆங்கிலம் தெரியாத முரட்டுக் கூட்டம் என்று எழுதின. விலையை யார் ஏற்றுகிறார்கள், எந்தத் தெருவில் யார் காவல் நிற்பது, நீதிபதியிடம் என்ன பேசுவது என்பதெல்லாம் அந்தக் கூட்டத்துக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. 1907 இறுதியில் வாடகை ஏறியபோது அதே தெருக்களில் வாடகை மறுப்புப் போராட்டம் எழுந்தது. முன்னின்றவர்களில் ஒருவர் பாலின் நியூமன், தையல் தொழிற்சாலையில் வேலை பார்த்த பதின்வயதுப் பெண்.

தலைமை ரபியின் இறுதி ஊர்வலத்தையும் சொல்லிவிட வேண்டும். உயிரோடு இருந்தபோது கைவிட்டவர்கள் இறந்தபின் பல்லாயிரக்கணக்கில் திரண்டார்கள். ஊர்வலம் ஓர் அச்சு இயந்திரத் தொழிற்சாலையைக் கடந்தபோது மேல்மாடியிலிருந்து தொழிலாளர்கள் இரும்புத் துண்டுகளை எறிந்தார்கள், தண்ணீர் பீய்ச்சினார்கள். வந்த போலீஸ் அழுதுகொண்டிருந்தவர்களை அடித்தது. ருஷ்யாவாக இருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். இங்கே கண்டனக் கூட்டம் போட்டார்கள், மேயர் சேத் லோவிடம் போனார்கள். அவர் விசாரணைக் குழு அமைத்தார். குழு தொழிற்சாலை ஆட்கள் மேலும் போலீஸ் மேலும் குற்றம் கண்டது. அடி விழுவது இரண்டு நாட்டிலும் உண்டு, அதை அரசாங்கத்தின் ஏட்டில் ஏற்றிவிட முடிகிறது என்பது அவர்களுக்குப் புதிது.

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். இதில் ஒரு சங்கடமான நிகழ்ச்சியைச் சொல்லாமல் போனால் நான் வக்கீல் வேலை பார்க்கிறேன் என்பீர்கள். 1906 ஜூன் கடைசி. மூக்கின் பின்பக்கம் சதை வளர்ந்த பிள்ளைகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்லிப் பள்ளிகள் சீட்டு அனுப்பின. ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எந்தத் தாய் போவாள்? அதனால் டாக்டர்களே பள்ளிக்கு வந்து அறுவை செய்தார்கள். பிள்ளைகள் வாயில் ரத்தத்தோடு வீடு வந்தார்கள். டாக்டர்கள் குழந்தைகளின் கழுத்தை அறுக்கிறார்கள் என்று வதந்தி பரவியது. ஆயிரக்கணக்கான தாய்மார்கள் பள்ளிகளை முற்றுகையிட்டார்கள், ஜன்னல்கள் உடைந்தன. அறியாமை என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் இரண்டு வாரத்துக்கு முன்புதான் ருஷ்ய ஆட்சியில் இருந்த பியாலிஸ்டோக் நகரத்தில் யூதர்கள் கொலையுண்ட செய்தி வந்திருந்தது. யிட்டிஷ் பத்திரிகைகளில் தினமும் அதுதான். சீருடைக்காரர்கள் பார்த்துக்கொண்டு நிற்க, பிள்ளைகள் கொல்லப்படுவது அந்தத் தாய்மார்களுக்குக் கட்டுக்கதை அல்ல, சொந்த ஊர்ச் செய்தி.

அதே ஆண்டு டிசம்பரில் இன்னொரு மோதல். அரசுப் பள்ளிகளில் கிறிஸ்துமஸ் பாடல்களும் சமயப் பேச்சும் வேண்டாம் என்று வைதிக அமைப்புகளும் யிட்டிஷ் பத்திரிகைகளும் அழைப்பு விடுத்தன. பல்லாயிரம் பிள்ளைகள் விழா நாளில் பள்ளிக்குப் போகவில்லை. கத்தோலிக்கர்களுக்கு இதே பிரச்சினை வந்தபோது அவர்கள் தங்களுக்கென்று தனிப் பள்ளிகளைக் கட்டிக்கொண்டார்கள். யூதர்களில் மிகப் பெரும்பாலோர் அப்படிச் செய்யவில்லை. அரசுப் பள்ளியை விட்டுப் போகாமல், அது எங்களுக்கும் பொதுவாக நடந்துகொள்ளட்டும் என்று உள்ளே இருந்தே சண்டை போட்டார்கள். லோயர் ஈஸ்ட் சைடின் பள்ளிகளுக்கு மேற்பார்வையாளராக இருந்தவர் ஜூலியா ரிச்மன். யூதர்தான், ஆனால் மேல்நகரத்துக்காரர். திறமைசாலி, கண்டிப்பானவர், யிட்டிஷ் காதில் விழக் கூடாது என்பவர். கைவண்டிக்காரர்கள் மேல் சட்டத்தைக் கடுமையாக அமல்படுத்தச் சொன்னார் என்று அவரை மாற்றக் கோரி 1908இல் அந்தப் பகுதி மக்கள் மனுப் போட்டார்கள். அவர் நடத்திய பள்ளிகளுக்குப் பிள்ளைகளை அனுப்புவதை மட்டும் ஒருவரும் நிறுத்தவில்லை.

பெரியவர்களுக்குப் பள்ளிக்கூடம் வேறு இடத்தில் நடந்தது. ஒன்று, ஊர்ச் சங்கம். பியாலிஸ்டோக்காரர் சங்கம், மின்ஸ்க்காரர் சங்கம் என்று எந்தக் குக்கிராமத்துக்கும் ஒரு சங்கம், ஆயிரக்கணக்கில் இருந்தன. மாதச் சந்தா கட்டினால் நோய்க்காலத்தில் படி, செத்தால் அடக்கத்துக்கு இடம். குவீன்ஸ் பகுதிக் கல்லறைகளுக்குப் போனால் ஒவ்வொரு சங்கத்தின் பகுதிக்கும் தனி வாசல் வளைவு, அதில் ஊர்ப் பெயர், தலைவர், செயலர், பொருளாளர் பெயர்கள் செதுக்கியிருப்பதைப் பார்க்கலாம். அந்தப் பெயர்களைக் கல்லில் பொறிக்க எவ்வளவு போட்டி நடந்திருக்கும்! பகலெல்லாம் இயந்திரத்தில் குனிந்த தையல்காரர் மாலையில் சங்கத் தலைவர். தீர்மானம் முன்மொழிவது, வழிமொழிவது, ஒழுங்குப் பிரச்சினை எழுப்புவது, கணக்கு கேட்பது, தேர்தலில் தோற்று வெளியேறிப் போட்டிச் சங்கம் ஆரம்பிப்பது என்று ஜனநாயகத்தின் அத்தனை வித்தைகளையும் யிட்டிஷிலேயே கற்றார்கள். ஜார் ஆட்சியில் ஓட்டு என்பதையே பார்த்திராதவர்கள் அவர்கள்.

இன்னொன்று பத்திரிகை. 1897இல் தொடங்கிய ‘ஃபோர்வர்ட்ஸ்’ நாளிதழை நீண்ட காலம் நடத்தியவர் ஆபிரகாம் கஹான். வில்னா பக்கத்துக்காரர், 1882இல் வந்தவர், சோஷலிஸ்ட். 1920களில் அதன் விற்பனை இரண்டு லட்சத்தைத் தாண்டியது. முதலாளித்துவத்தைத் தாக்கும் தலையங்கத்தின் பக்கத்திலேயே, பிள்ளைகளுக்குக் கைக்குட்டை கொடுத்து அனுப்புங்கள் என்று அறிவுரை வரும். 1903இல் ஓர் அப்பா எழுதினார்: என் மகன் பேஸ்பால் என்று ஏதோ பைத்தியக்கார ஆட்டம் ஆடுகிறான். கஹான் பதில்: படிப்பு கெடாதவரை ஆடட்டும், பிள்ளைகள் இந்த நாட்டில் அந்நியராக வளர வேண்டாம். பின்னால் 1909இல் அந்த ஆட்டத்தின் விதிகளைப் படம் போட்டு விளக்கி ஒரு கட்டுரையே வெளியிட்டார்கள். 1906இல் தொடங்கிய ‘பிந்தல் பிரிஃப்’ என்ற கடிதப் பகுதியில் வாசகர்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டினார்கள்: நாத்திகன் நான், பண்டிகை வந்தால் மனம் தொழுகைக்கூடத்தைத் தேடுகிறதே, என்ன செய்ய?

குடும்பங்கள் உடைந்ததையும் அந்தப் பத்திரிகை மறைக்கவில்லை. மனைவி மக்களை விட்டுவிட்டு ஓடிய ஆண்கள் ஏராளம். அவர்களைத் தேடவே 1911இல் ஓர் அமைப்பு தோன்றியது. ‘ஃபோர்வர்ட்ஸ்’ அவர்களின் புகைப்படங்களை வரிசையாக, பெயரும் வயதும் போட்டு அச்சிட்டது. சிகாகோவில் பெயரை மாற்றிக்கொண்டு இன்னொரு குடித்தனம் நடத்திய ஆள் காலையில் பத்திரிகையைப் பிரித்தால் தன் முகமே தெரியும். ஆலன் தெருவின் விபச்சாரமும், பின்னாளில் வளர்ந்த ரௌடிக் கும்பல்களும் இதே மண்ணில் முளைத்தவைதான். 1908இல் போலீஸ் கமிஷனர் தியோடர் பிங்கம், நகரத்துக் குற்றவாளிகளில் பாதிப் பேர் யூதர்கள் என்று ஒரு கட்டுரையில் எழுதினார். அப்போது நகர மக்கள்தொகையில் யூதர்கள் கால்வாசி. எதிர்ப்பு கிளம்பியதும் சொன்னதைத் திரும்பப் பெற்றார். இந்த அவமானத்தில் மேல்நகரமும் கீழ்நகரமும் முதல்முறை ஒரே மேசையில் உட்கார்ந்து 1909இல் ‘கெஹிலா’ என்ற பொதுச் சபையை அமைத்தன. 1922வரை இழுத்துப் பறித்து ஓடி நின்றுபோயிற்று. ஒரே தலைமையின் கீழ் அடங்கும் கூட்டமாக அது இருந்ததே இல்லை.

இப்போது என் பெரிய சாட்சி. தையல் தொழில். அமெரிக்கப் பெண்கள் உடுத்திய ஆயத்த உடையில் பெரும்பகுதி நியூயார்க்கில் தயாரானது. தைத்தவர்கள் யூதப் பெண்களும் இத்தாலியப் பெண்களும். பல பட்டறைகளில் ஊசிக்குப் பணம் பிடிப்பார்கள், இயந்திரம் ஓடும் மின்சாரத்துக்கும் பிடிப்பார்கள். 1909 நவம்பர் 22 அன்று கூப்பர் யூனியன் அரங்கில் கூட்டம். பெரிய பெரிய தலைவர்கள் இரண்டு மணி நேரம் பேசினார்கள். நிதானம் என்றார்கள், யோசிப்போம் என்றார்கள். கிளாரா லெம்லிக் என்ற 23 வயதுப் பெண் இடம் கேட்டு மேடையேறினார். யிட்டிஷில் பேசினார். பேச்சு கேட்டுச் சலித்துவிட்டது, பொது வேலைநிறுத்தம் அறிவிக்க முன்மொழிகிறேன் என்பதுதான் சாரம். அரங்கமே எழுந்தது. தலைவர் கையை உயர்த்தச் சொல்லிப் பழைய யூத முறையில் சத்தியம் வாங்கினார்: துரோகம் செய்தால் உயர்த்திய கை உலர்ந்துபோகட்டும். சில நாட்களில் 20,000க்கும் மேற்பட்டோர் வெளியே வந்தார்கள். கூட்டத்தில் இத்தாலியப் பெண்களும் அமெரிக்காவில் பிறந்த பெண்களும் உண்டு. போலீஸ் அடித்தபோது கோடீஸ்வரக் குடும்பப் பெண்கள் சிலர் இவர்களோடு மறியலில் வந்து நின்றார்கள். மூன்று மாதத்தில் பெரும்பாலான பட்டறைகள் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டன.

சங்கத்தை ஏற்காதவற்றில் ஒன்று டிரையாங்கிள் என்ற தையல் தொழிற்சாலை. அதன் முதலாளிகள் மாக்ஸ் பிளாங்கும் ஐசக் ஹாரிசும் ருஷ்யாவிலிருந்து வந்த யூதர்கள். அவர்களும் ஒரு காலத்தில் தையல் மேசையில் உட்கார்ந்தவர்களே. 1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை, வேலை முடியும் நேரத்தில் எட்டாவது மாடியில் தீப் பிடித்தது. ஒன்பதாவது மாடியில் ஒரு கதவு பூட்டியிருந்தது. தீயணைப்பு ஏணி அந்த உயரத்துக்கு எட்டவில்லை. வெளிப்பக்க இரும்புப் படிக்கட்டு பாரம் தாங்காமல் முறிந்தது. 146 பேர் இறந்தார்கள். பலர் இருபது வயதைத் தொடாதவர்கள். முதலாளிகள் மேல் வழக்கு நடந்தது; விடுதலையானார்கள். ஆனால் மாநிலம் விசாரணை ஆணையம் அமைத்தது. ராபர்ட் வாக்னர் தலைவர், அல் ஸ்மித் துணைத் தலைவர். தீயைத் தெருவில் நின்று பார்த்த ஃபிரான்சஸ் பெர்கின்ஸ் அந்த ஆணையத்தில் பணியாற்றினார். தீயணைப்பு, வெளிவழி, வேலை நேரம் பற்றி வரிசையாகச் சட்டங்கள் வந்தன. 1933இல் அந்தப் பெர்கின்ஸே அதிபர் ரூஸ்வெல்ட்டின் தொழிலாளர் துறைச் செயலர். 1935இல் தொழிற்சங்க உரிமைச் சட்டத்தை முன்மொழிந்தவர் அதே வாக்னர். யிட்டிஷில் ஆரம்பித்த ஒரு சண்டை அமெரிக்கா முழுவதற்கும் சட்டமாயிற்று. யார் யாரோடு கலந்தார்கள் என்று இந்த இடத்தில் நீங்களே கணக்குப் போடுங்கள். குடியேறிகள் நகரத்துக்குத் தக மாறினார்கள் என்று மட்டும் எழுதினால் பாதிக் கணக்குதான் வரும்.

இதற்குப் பிறகு கதை வேகமாக ஓடுகிறது. 1903இல் வில்லியம்ஸ்பர்க் பாலம், 1904இல் சுரங்க ரயில். புரூக்ளினுக்கும் பிராங்க்ஸுக்கும் குடும்பங்கள் பெயர்ந்தன. 1892இல் நகர யூதர்களில் நான்கில் மூன்று பங்கு லோயர் ஈஸ்ட் சைடில் இருந்தார்கள். 1916இல் கால்பங்குகூட இல்லை. அதற்காக மற்றவர்களோடு கலந்து கரைந்துவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். போன இடத்திலும் யூதத் தெருக்களே உருவாயின. ஜன்னல்கள் மட்டும் அதிகம். தையல் தொழிலாளர் சங்கமே 1927இல் பிராங்க்ஸில் கூட்டுறவு வீடுகளைக் கட்டியது.

அரசியலுக்கு ஓர் உதாரணம் போதும். 1922இல் ஃபியோரெல்லோ லா கார்டியா அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கான தேர்தலில் நின்றார். இத்தாலியப் பெயர், தாய் யூதர். குடியேறிகள் வந்து இறங்கிய எல்லிஸ் தீவில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவர். அவர் யூத விரோதி என்று எதிர் வேட்பாளர் ஹென்ரி ஃபிராங்கின் தரப்பு பிரசுரம் வெளியிட்டது. ஃபிராங்க் யூதர். லா கார்டியா தன் தாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முழுக்க முழுக்க யிட்டிஷில் விவாதிக்கலாம், வாருங்கள் என்று யிட்டிஷிலேயே சவால் விட்டார். ஃபிராங்குக்கு யிட்டிஷில் அந்த அளவு ஓட்டமில்லை. லா கார்டியா சொற்ப வாக்கில் வென்றார். பின்னாளில் நகரத்தின் புகழ்பெற்ற மேயர். அந்த மேயரேதான் 1930களில் தெருக் கைவண்டிகளை ஒழித்துச் சந்தைக் கட்டடங்களுக்குள் அனுப்பினார்.

கதவுகள் திறந்தே இருக்கவில்லை. கல்விக் கட்டணம் இல்லாத சிட்டி காலேஜ் யூத மாணவர்களால் நிரம்பியபோது, கொலம்பியா பல்கலைக்கழகம் வடிகட்டியது. அங்கே சுமார் 40 சதவீதம் என்று சொல்லப்பட்ட யூத மாணவர் பங்கு 1920களின் தொடக்கத்தில் ஏறக்குறைய பாதியாயிற்று. மதிப்பெண்ணில் தடுக்க முடியாததைக் குணநலம், பின்னணி, புகைப்படம், நேர்முகம் கொண்டு தடுத்தார்கள். 1928இல் அதே கொலம்பியா புரூக்ளினில் சேத் லோ பெயரில் ஓர் இளநிலைக் கல்லூரியைத் திறந்தது. சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் யூதர்களும் இத்தாலியர்களும். நமக்குத் தெரிந்த அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஐசக் அசிமோவ், மூன்று வயதில் ருஷ்யாவிலிருந்து வந்து புரூக்ளின் மிட்டாய்க் கடையில் வளர்ந்தவர், 1935இல் சேர்ந்தது அந்தக் கல்லூரியில்தான். 1924இல் நாட்டின் கதவே மூடியது. 1890 மக்கள்தொகைக் கணக்கை அடிப்படையாக வைத்து, ஒவ்வொரு நாட்டுக்காரரிலும் இரண்டு சதவீதம் என்று ஆண்டு ஒதுக்கீடு. 1890க்குப் பிறகுதானே கிழக்கு ஐரோப்பியர் பெருவாரியாக வந்தார்கள்! ஹிட்லர் காலத்தில் தப்பி ஓடியவர்கள் முட்டிய சுவர் அந்தச் சட்டம். தப்பி நுழைந்த ஜெர்மன் யூதர்கள் வாஷிங்டன் ஹைட்ஸில் கூடினார்கள். பின்னாளில் அமெரிக்க வெளியுறவுச் செயலரான ஹென்றி கிஸ்ஸிங்கரின் குடும்பம், 1938இல் வந்தது, அதில் ஒன்று. 1970களிலிருந்து சோவியத் யூதர்கள் பிரைட்டன் கடற்கரையை நிரப்பினார்கள்.

கடைசியாக ஒரு பிரிவினர். என் கட்சிக்கு இவர்கள் சோதனை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஹங்கேரி, ருமேனியா பக்கத்திலிருந்து இனப்படுகொலையில் எஞ்சி வந்த, தீவிர வைதிகர்களான ஹசிதிக் யூதர்கள். சட்மர் பிரிவின் தலைவர் யோயல் டைடெல்பாம் 1946இல் வந்து புரூக்ளினின் வில்லியம்ஸ்பர்க்கில் குடியேறினார். நகரத்தில் இருப்போம், நகரத்தோடு கலக்க மாட்டோம் என்பது அவர்கள் கொள்கை. யிட்டிஷ் அங்கே இன்றும் வீட்டு மொழி, தெரு மொழி. கிறிஸ்துமஸ் பாடலுக்காக அரசுப் பள்ளிக்குள் நின்று சண்டை போட்டவர்கள் எங்கே, பிள்ளைகளை அரசுப் பள்ளி வாசலுக்கே அனுப்பாத இவர்கள் எங்கே என்று கேட்பீர்கள். ஆனால் வட்டாரத் தேர்தலில் மொத்தமாக வாக்களிப்பது எப்படி, வீட்டு வசதித் திட்டத்தில் இடம் கேட்பது எப்படி என்பதில் நகரத்தில் இவர்களை மிஞ்ச ஆளில்லை.

இவர்களின் ஆண்பிள்ளைப் பள்ளிகள் சிலவற்றில் ஆங்கிலமும் கணக்கும் போதுமான அளவு இல்லை என்று 2015இல் புகார் கொடுத்தார்கள். கொடுத்தவர்கள் வெளியார் அல்ல, அந்தப் பள்ளிகளிலேயே படித்து வெளிவந்தவர்களும் பெற்றோர்களும் ஆசிரியர்களும். மாநிலத்தின் சட்டப்படி எங்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய கல்வி கிடைக்கவில்லை என்பது அவர்கள் வாதம். 2022இல் மாநிலக் கல்வி வாரியம் தனியார் பள்ளிகளுக்கு விதிகள் கொண்டுவந்தது. எதிர்த்துச் சமயப் பள்ளிகளின் தரப்பு நீதிமன்றம் போயிற்று; பிள்ளையை எப்படி வளர்ப்பது என்பது எங்கள் அரசியல் சட்ட உரிமை என்பது அவர்கள் வாதம். இரு தரப்பும் யூதர்கள், இரு தரப்பிலும் யிட்டிஷ் பேசி வளர்ந்தவர்கள் உண்டு, இரு தரப்பும் ஆல்பனியில் இருக்கும் மாநில அரசிடம் ஆங்கிலத்தில் மனுக் கொடுத்தார்கள். இரண்டு மனுக்களிலும் பேசுபவர் நியூயார்க் குடிமகன்.